எட்டு நிமிடம் பாக்கி

"மூட்டை வந்து சேர்ந்தப்போ வேன் கிளம்பிப் போயிருந்தது. இதை இங்கிலீஷ்ல யார் சொல்றீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

கேன்டீனில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். செவ்வாயும் வியாழனும் இரண்டேகாலுக்கு அதே கேன்டீனில் இங்கிலீஷ் வகுப்பு. நின்று நின்று கணுக்கால் வீங்கிய பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதிர் பெஞ்சில் நீட்டிக்கொள்வார்கள். டீச்சர் அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டாள். மூட்டை என்று பெயர் வாங்கியவன் லாண்டரிக்கு வரும் அழுக்குத் துணி மூட்டைகளை வேனிலிருந்து இறக்குகிற ஆள். ஆளும் கிட்டத்தட்ட அதே வடிவம்.

"நான் எங்க டீச்சர் லேட்டு? அந்த வேன்காரனுக்குத்தான் பின்னாடி நெருப்பு வச்ச மாதிரி அவசரம்" என்றான் மூட்டை.

பெரியவளுக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. 'வென்' முதலில் வருமா, 'ஹேட்' முதலில் வருமா என்று ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது.

"வென் மூட்டை கேம், த வேன் ஹேட் லெஃப்ட்."

"சபாஷ்" என்றாள் டீச்சர்.

பெரியவள் திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டாள்.

டீச்சர் பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டாள். கோட்டின் மேல் இரண்டு புள்ளி வைத்தாள். "கதையை நீங்க எங்கேருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். மூட்டை வந்ததுலேருந்து ஆரம்பிக்கலாம். ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது ஒண்ணு இருக்கு பாருங்க, வேன் போனது. அதைச் சொல்லும்போது 'ஹேட்' போடணும். படிக்கிறவங்களுக்கு எது முந்தி, எது பிந்தின்னு குழப்பம் வரக்கூடாது. நம்ம பேச்சுலயும் உண்டு. வந்திருந்தான், போயிருந்தான், சொல்லியிருந்தேன்னு சொல்றோம்ல?"

"அப்போ எங்க மாமியாருக்கு எல்லாமே ஹேட்தான் டீச்சர்" என்றாள் இஸ்திரி உருளையில் நிற்கிற ஒருத்தி. "எது நடந்தாலும் 'நான்தான் அப்பவே சொல்லியிருந்தேனே'ன்னு ஆரம்பிச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். ஆனால் கண் பலகையில் இருந்த முதல் புள்ளியில் ஒட்டிக்கொண்டது. எது முந்தி, எது பிந்தி என்பதை இவளுக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி பகலாக இவள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்கு முதலில் வாழவந்தவள் இவள். ஒன்பது வருஷம் கழித்துக் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சின்னவள். ஓரகத்தி. லாண்டரிக்கு முதலில் வந்தவளும் இவள்தான். பதினோரு வருஷ சர்வீஸ். சூப்பர்வைசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், எங்க கொழுந்தன் சம்சாரம், நல்லா வேலை செய்வா" என்று சொல்லிச் சின்னவளைச் சேர்த்துவிட்டவளும் இவளே. அது மூன்று வருஷத்துக்கு முந்தி. இன்றைக்கு அதே சூப்பர்வைசர் பெரியவளைப் பார்த்தால், "உங்க தங்கச்சி எங்க?" என்று கேட்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை, ஒரே தண்ணீர்க் குழாய், நடுவில் ஒரு பலகைச் சுவர். பெரியவளின் மகள் எட்டாவது படிக்கிறாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடுவாள்.

"ஏண்டி, நானும்தான் வகுப்புக்குப் போறேன். என்னைக் கேட்டா என்ன?"

"நீ ரொம்ப நேரம் யோசிக்கிறம்மா. சித்தி டக்குன்னு சொல்லிடுவா."

லாரி ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிய புருஷன் அதோடு விட்டானா என்றால் இல்லை. "குழந்தை சொல்றதுல என்ன தப்பு? நீயும் சின்னவகிட்ட உட்கார்ந்து கத்துக்கயேன். கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றான். அன்று பெரியவள் தேய்த்த பாத்திரத்தில் கரி போனதோடு பாத்திரத்தின் பளபளப்பும் சேர்ந்து போயிற்று.

இப்போது லைன் லீடர் இடம் காலியாகப் போகிறது. பழைய லீடர் மாசக் கடைசியில் நின்றுகொள்கிறாள். சர்வீஸ் உள்ளவர்கள் வரிசையில் பெரியவள்தான் முதல். ஆனால் லீடர் தினமும் ஷிப்ட் முடிவில் அரைப்பக்கம் இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்பவேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்திருந்தது. பெயர்ப்பட்டியலில் சூப்பர்வைசர் இரண்டு பேரை எழுதி வைத்திருந்தார். இரண்டும் ஒரே வீட்டு விலாசம்.

பெரியவளுக்கு அந்த இடம் வேண்டும். உட்கார்ந்து எழுத ஒரு மேசை, கழுத்தில் தொங்கும் நீல நாடா, பதினோரு வருஷத்துக்கு ஒரு பதில். சின்னவளுக்குக் கிடைத்துவிடக்கூடாது என்பது இவை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதை அவள் தனக்குள்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

*

அந்த லாண்டரிக்கு ஓட்டல்களின் துணி வருகிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத்துணி எல்லாம் சாது. துண்டுகளில்தான் ஒரு வகை பொல்லாதது. மசாஜ் அறைத் துண்டுகள். எண்ணெயை ஊறக் குடித்துவிட்டு வரும். எத்தனை தடவை சோப்பு போட்டு அலசினாலும் இழைக்குள் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். டிரையரில் சூடேறி உலர்ந்ததும் கடைசிப் பத்து நிமிஷம் வெறும் குளிர்காற்றில் சுற்றவிட வேண்டும். ஆற்றுவது என்று அதற்குப் பெயர். ஆற்றாமல் சூட்டோடு அள்ளிக் குவித்தால் மேலே தொட்டுப்பார்க்கச் சாதாரணமாக இருக்கும். உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, நடுவிலிருந்து கருகத் தொடங்கும். வேறொரு லாண்டரியே அப்படி எரிந்துபோனது என்று சேர்ந்த முதல் நாளில் எல்லோருக்கும் சொல்லுவார்கள்.

அதனால் இரண்டு காவல். டிரையர்க்காரி ஆற்றி முடித்து டிராலியில் அள்ளியதும் பச்சை டேக் மாட்டவேண்டும். டிராலியைக் கிடங்குக்குத் தள்ளுகிறவள், டேக் இருந்தாலும் சரி, குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தள்ளவேண்டும்.

நாலாம் நம்பர் டிரையர் பெரியவளுடையது. அங்கிருந்து மடிப்பு மேசைக்கும் கிடங்குக்கும் தள்ளுவது சின்னவள்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் பரீட்சை. காலையிலேயே மூட்டை வந்து வத்தி வைத்துவிட்டுப் போனான். கெட்ட எண்ணம் இல்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

"பெரிய தங்கச்சி, விஷயம் தெரியுமா? நேத்து ஷிப்ட் ரிப்போர்ட்டை சின்னத் தங்கச்சியை எழுதச் சொல்லியிருக்கார் சூப்பர்வைசர். சும்மா டிரையலாம். ஒரு இடத்துலதான் சிவப்பு மையாம்."

"நல்லதுதானே" என்றாள் பெரியவள்.

"நல்லதுன்னு வாய் சொல்லுது, காதுல புகை வருதே" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

நேற்று ராத்திரி சமையலறையில் அரைமணி நேரம் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தாளே, ஒரு வார்த்தை சொன்னாளா? தூரத்தில் மடிப்பு மேசையில் சின்னவள் விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். அந்த உதறலில்கூட ஒரு மிதப்பு தெரிந்தது. மூலையும் மூலையும் ஒரு தடவையில் சேர்ந்தன. இதையும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தாள் பெரியவள்.

ஒன்றே காலுக்கு மசாஜ் துண்டுகள் உலர்ந்து முடிந்தன. டிரையர் குளிர்காற்றுக்கு மாறியது. கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் பத்து, ஒன்பது என்று இறங்கியது. பெரியவள் மேலங்கிப் பையில் மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டுப்பார்த்தாள். பதினைந்து வாக்கியம். போன வாரம் முழுக்க எழுதி வைத்தது. டிரையரைக் காலி செய்துவிட்டால் ஷிப்ட் முடியும்வரை நாலாம் நம்பரில் வேறு லோடு கிடையாது. துணி அலமாரிக்குப் பின்னால் நின்று இருபது தடவை படிக்கலாம். இன்றைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், அவளுக்கு முந்தி எழுதி முடித்துவிடலாம்.

சிவப்பு எழுத்து எட்டு ஆனபோது பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

துண்டுகள் கையைச் சுட்டன. காய்த்துப்போன கை, தாங்கியது. அள்ளி டிராலியில் போட்டு அமுக்கினாள். பச்சை டேக்கை எடுத்து மாட்டினாள். பதினோரு வருஷத்தில் ஆற்றாமல் டேக் மாட்டியது அதுதான் முதல்தடவை. ஒரு கணம் கை நின்றது. 'அவதான் கை விட்டுப் பாப்பாளே' என்று தனக்குச் சொல்லிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள்.

*

பரீட்சையில் ஏழாவது வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தபோது வாசனை வந்தது. இஸ்திரி காந்தும் வாசனை என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் மணி அடித்தது.

கிடங்கின் கதவைத் திறந்ததும் சாம்பல் நிறப் புகை தரையோடு தவழ்ந்து வந்தது. தீ என்று பெரிதாக இல்லை. நடு டிராலியில் துண்டுக் குவியலின் வயிற்றிலிருந்து சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது, பக்கத்து அலமாரியின் விரிப்புகளில் ஓரம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மூட்டைதான் முதலில் உள்ளே ஓடியவன். டிராலியின் கம்பியைப் பிடித்து இழுத்து முற்றத்தில் தள்ளிவிட்டான். குழாய்த் தண்ணீரைப் பீச்சினார்கள். எல்லாம் அடங்கிய பிறகுதான் மூட்டை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் வழுவழுவென்று வெளுத்து உயர்ந்து நின்றது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான். கையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டினான்.

முந்நூறு துண்டு, இரண்டு அலமாரி விரிப்பு, ஒரு மனிதனின் வலதுகை. சூப்பர்வைசர் கேன்டீனுக்கு வந்து பெரியவளையும் சின்னவளையும் எதிரெதிர் மேசையில் உட்காரவைத்தார். ஆளுக்கு ஒரு தாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க. மேலிடத்துக்குப் போகணும், அதனால இங்கிலீஷ்ல. டீச்சர் இருக்காங்க, வார்த்தை தெரியலைன்னா கேளுங்க. என்ன எழுதறதுன்னு கேக்காதீங்க."

பெரியவள் பேனாவைப் பிடித்தாள். எழுதினாள். துண்டுகளை டிராலியில் போட்டேன். பச்சை டேக் மாட்டினேன். சின்னவள் டிராலியைத் தள்ளினாள். ஒரு மணி நேரம் கழித்துப் புகை வந்தது. நாலு வாக்கியம். நாலும் நிஜம். டீச்சர் பலகையில் போட்ட கோடு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்தக் கோட்டை எங்கே தொடங்குவது என்பதுதான் இவள் கையில் இருந்தது. துண்டு டிராலிக்கு வந்த இடத்திலிருந்து தொடங்கினாள்.

"ஆத்தினீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"டேக் போட்டேனே சார்."

பதினோரு வருஷத்தில் ஒரு தப்பு இல்லாதவள் சொன்னால் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? நாலாம் நம்பர் டிரையரை மதிய ஷிப்ட் எப்போதோ ஓட்ட ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியில் இருந்த எட்டு அழிந்து, நாற்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் ரொம்ப நேரம் எழுதினாள். கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

*

சாயங்காலம் சமையலறையில் இரண்டு பேரும்தான். சின்னவள் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவளால் தாங்க முடியவில்லை.

"ஏன் கை விட்டுப் பாக்கல நீ?"

சின்னவள் திரும்பினாள். "நீங்க டேக் போட்டிருந்தீங்களே அக்கா."

"டேக் இருந்தாலும் பாக்கணும்னுதானே ரூல்?"

"மத்தவங்க டிராலின்னா பாப்பேன். உங்களோடதை மூணு வருஷத்துல ஒருநாளும் பாத்ததில்ல. நீங்க மாட்டின டேக்குக்குப் பின்னாடி நான் கையை விட்டுத் துழாவினா, நாலு பேர் பாக்கற இடத்துல, நல்லாவா இருக்கும்?"

இந்த மரியாதை ஒன்று இருக்கிறது என்பதே பெரியவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எட்டில் நிறுத்தியிருக்கமாட்டாள். அல்லது நிறுத்தியிருப்பாளோ என்னவோ.

"வேற ஏதாவது பாத்தியா அங்க?"

சின்னவள் ஒரு தட்டைத் துடைத்து முடித்து, அதையே மறுபடி துடைத்தாள். "மிஷின்ல எட்டுன்னு மினுக்கிட்டு இருந்துச்சு."

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் மகள் ஏதோ பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அதை எழுதினியா?"

"இல்ல."

"ஏன்?"

"நான் போனப்போ அது நின்னுபோயிருந்தது அக்கா. யார் நிறுத்தினா, கரண்ட் போச்சா, எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததை நான் எப்படி எழுதறது?" தட்டை அடுக்கில் வைத்தாள். "தெரிஞ்சவங்க எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு விளக்கை அணைக்காமலே போய்விட்டாள்.

அறைந்திருந்தால்கூடப் பெரியவள் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இது பிச்சை. கேட்காமல் போட்ட பிச்சை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாமல் கை நிறைய வந்து விழுந்துவிட்டது. ராத்திரி புருஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "தம்பி சொன்னான். தான் கை விட்டுப் பாக்கலைன்னு சின்னவளே எழுதிக் கொடுத்துட்டாளாமே. யார் ஒத்துப்பா இந்தக் காலத்துல? பெரிய மனசு" என்றான். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என்ன, தூங்கிட்டியா?"

"ஆமா" என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குமுன் சூப்பர்வைசர் வந்தார். முடிவைச் சொன்னார். டிராலியைப் பார்க்காமல் தள்ளியதற்காகச் சின்னவள் அடுத்த வாரத்திலிருந்து மூன்று மாதம் அழுக்குப் பிரிப்பில். லீடர் பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. பட்டியலில் மிச்சம் ஒரே பெயர். எல்லோரும் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அழுக்குப் பிரிப்பு என்பது ஓட்டல் அறைகளில் முன்பின் தெரியாதவர்கள் படுத்தது, துடைத்தது, வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் கையால் வகை பிரிக்கிற வேலை. சின்னவள் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை.

பெரியவள் காத்திருந்தாள். இப்போது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். கேட்டது கிடைத்தாயிற்று. நீல நாடா, மேசை, நாற்காலி. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

சூப்பர்வைசர் போகாமல் வாசலில் நின்றார். டீச்சர் சின்னவளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். சின்னவள் சரி என்று தோளை அசைத்தாள். டீச்சர் பலகைக்குப் போய் எழுத ஆரம்பித்தாள்.

"இது சின்னவங்க அன்னிக்கு எழுதினது. அவங்க அனுமதியோடதான் போடறேன். எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க. கிடங்குல புகை வந்ததிலேருந்து ஆரம்பிக்கறாங்க. அதுக்கு முன்னாடி டிராலியைத் தள்ளியிருந்தாங்க. அதுக்கும் முன்னாடி அக்கா டேக் மாட்டியிருந்தாங்க. தள்ளறதுக்கு முன்னாடி இவங்க கை விட்டுப் பார்த்திருக்கல. பின்னாடி பின்னாடியா போனாலும் எது முந்தின்னு ஒரு இடத்துலயும் குழப்பமே இல்ல."

பெஞ்சுகளில் உச்சுக் கொட்டல் ஓடியது. இஸ்திரி உருளைக்காரி சின்னவளின் முதுகைத் தடவினாள். மூட்டை கட்டுப்போட்ட கையைத் தூக்கமுடியாமல் இடதுகையால் பெஞ்சைத் தட்டினான். "தப்பைக்கூட எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாரு தங்கச்சி! என் கை வெந்ததுகூடப் பெரிசாத் தெரியல போ."

பெரியவள் பலகையைப் பார்த்தாள். வெள்ளை எழுத்து வரிசையாக, கோணாமல் நின்றது. எழுதிய எழுத்துக்குக் கைதட்டு. குற்றம் ஒத்துக்கொண்டவளுக்கு முதுகு தடவல். நாளைக்கு இவள் நாடாவை மாட்டிக்கொண்டு நின்றாலும் எல்லோர் கண்ணும் அழுக்குப் பிரிப்புப் பக்கம்தான் போகும். 'பாவம், எவ்வளவு நல்ல பொண்ணு' என்று. அந்த நெருப்பு யாருடையது? நிறுத்தியது யார்? சுடச்சுட அள்ளியது யார் கை? இவளுடைய தப்பில்கூட அவள் போய் உட்கார்ந்துகொண்டு பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்ததே பெரியவளுக்குத் தெரியாது. செருப்பில்லாத காலோடு பலகைக்குப் போயிருந்தாள்.

"கொடுங்க டீச்சர்."

"எதை?"

"சாக்பீஸைக் கொடுங்க."

சின்னவள் எழுதியதற்கு மேலே கையகலம் இடம் இருந்தது. எக்கி நின்று எழுதினாள். எழுத்து மேலும் கீழுமாகப் போயிற்று. பிஃபோர் தேட், ஐ ஹேட் ஸ்டாப்டு த மிஷின். எய்ட் மினிட்ஸ் பேலன்ஸ்.

"இதுதான் முதல்ல" என்றாள் எல்லோரையும் பார்த்து. "அவ தள்ளறதுக்கு முன்னாடி, நான் டேக் மாட்டறதுக்கு முன்னாடி, இது நடந்துச்சு. அவ எழுதினது கதையில பாதிதான்."

டீச்சர் பழக்கதோஷத்தில் வாசித்துப் பார்த்து, "முதல் வரியில ஒரு தப்பும் இல்ல" என்றாள். அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலிலிருந்து சூப்பர்வைசர் நாலு எட்டில் உள்ளே வந்தார்.

"நீங்களா நிறுத்தினீங்க?"

"நான்தான்."

"எதுக்கு?"

பரீட்சைக்குப் படிக்க என்று சொல்லலாம். அது பொய்யில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது. "இவளை முந்தணும்னு" என்றாள்.

"அக்கா" என்று சின்னவள் எழுந்தாள். "ஏன் அக்கா இப்போ..."

"நீ உட்காருடி." பெரியவளின் குரல் உடைந்தது, கோபத்தில்தான். "உன் தயவு எனக்கு வேண்டாம். அந்த வீட்டுக்கு முதல்ல வந்தது நான். இந்த லாண்டரிக்கு முதல்ல வந்தது நான். இதுலயும் நான்தான் முதல். நடுவுல வந்து நீ நின்னுக்கிட்டு நல்ல பேர் வாங்கிக்காத."

யாருக்கும் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை. மூட்டைதான் முதலில் வாயைத் திறந்தான். "அடப்பாவி. என் கை வெந்ததுக்கு இப்படியா போட்டி போடுவீங்க ரெண்டு பேரும்?"

பெரியவள் அவன் கட்டைப் பார்த்தாள். அன்றுவரை அதை நேராகப் பார்த்திருக்கவில்லை. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன, மஞ்சள் மருந்து அப்பி.

"வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள்.

"இப்போ கேளு" என்றான் மூட்டை.

*

மூன்று மாதம் என்று இருந்தது ஆறு மாதம் ஆயிற்று. வேலை போகாததே பெரிது என்றார்கள். பெரியவள் அழுக்குப் பிரிப்பில் நின்றாள். ரப்பர் கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்துக் கிடந்தன. வீட்டில் புருஷன் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், "எனக்குத்தான் விவரம் தெரியாம வாய் நீண்டுபோச்சு" என்று ஆரம்பித்தான். "சோத்தைத் தின்னுட்டு எழுந்திரு" என்று இவள் முடித்துவிட்டாள். மகள் இப்போதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு சித்தியிடம்தான் போகிறாள்.

சின்னவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள்; லீடர் இடமும் அவளுக்கே போயிற்று. கழுத்தில் நீல நாடா. மூன்று வருஷ சர்வீஸ்காரி. நாடா அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

ஏழாம் மாதம் முதல் நாள் நாலாம் நம்பர் டிரையர் திரும்பக் கிடைத்தது. முதல் லோடே மசாஜ் துண்டுகள். பத்திலிருந்து சிவப்பு எழுத்து இறங்கியது. எட்டு வந்தபோது பெரியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பூஜ்ஜியம் வந்து கூவிய பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றாள். அள்ளினாள். விரித்து விரித்துப் போட்டாள். பச்சை டேக்கை மாட்டினாள்.

சின்னவள் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். டிராலியின் முன்னால் நின்றாள். உருளைக்காரிகள், மடிப்பு மேசைக்காரிகள், இடதுகையால் மூட்டை தூக்கப் பழகிவிட்ட மூட்டை, எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் நாடாவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டைக்கையை மடித்தாள்.

"பாக்கட்டுமா அக்கா?"

"என்ன கேள்வி இது? ரூல்னா ரூல்தானே."

சின்னவளின் கை துண்டுகளுக்குள் போயிற்று. மணிக்கட்டு மறைந்தது. முழங்கை மறைந்தது. இந்தப் பக்கம் துழாவினாள், அந்தப் பக்கம் துழாவினாள். அவசரப்படவேயில்லை. பெரியவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. இத்தனை வருஷத்தில் தன் டிராலிக்குள் சின்னவளின் கை போவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"நல்லா அடிவரைக்கும் பாருடி" என்றாள். "பாதியில எடுத்துட்டு அப்புறம் எழுதிக் கொடுக்காத."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள் சின்னவள், கையை எடுக்காமல்.